பசுவுக்கு எத்தனை கால்?

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் விலங்கு பொம்மைகளைக் கொடுத்தால் முதல் பத்து நிமிடம் கணக்கு நடக்காது. சிங்கம் உறுமும், முதலை பக்கத்துப் பிள்ளையின் விரலைக் கடிக்கும். விளையாடித் தீர்க்க விட்டுவிட்டுப் பிறகு எண்ணத் தொடங்குவதே மேல். எண்ணுவதற்கு ஒரே விலங்கில், ஒரே நிறத்தில் ஐந்து போதும். பொம்மை அழகாக இருக்க இருக்கக் கவனம் எண்ணை விட்டு நழுவும். (மூன்று வயதுக்குக் கீழே என்றால் வாய்க்குள் போகிற அளவில் எதுவும் வேண்டாம்.)

ஐந்து மாடுகளை வட்டமாக நிறுத்தினால் ஏழு, எட்டு என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே தொடங்கினோம் என்பது பிள்ளைக்கு மறந்துவிடுகிறது. ஓர் அட்டைப்பெட்டியைத் தொழுவமாக்கி, ஓர் எண் சொன்னால் ஒரு மாடு உள்ளே போகட்டும். எண்ணியது உள்ளே, எண்ணாதது வெளியே. முடிந்ததும் "எத்தனை?" என்று கேட்டால் பலர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பெட்டியைச் சுற்றிக் கையால் வளைத்து "எல்லாம் சேர்த்து ஐந்து" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிக்க வேண்டும்.

கால் எண்ணும் விளையாட்டில் பாம்பு 0, கோழி 2, பசு 4, எறும்பு 6, சிலந்தி 8. பூஜ்ஜியத்தை அறிமுகப்படுத்தப் பாம்பை விட்டால் வேறு ஆள் இல்லை. கெடுப்பது படங்கள். பக்கவாட்டில் வரைந்த பசுவுக்கு இரண்டோ மூன்றோ கால்தான் தெரியும். பிள்ளை "மூணு" என்றால் சரியாக எண்ணியிருக்கிறது. மாற்ற வேண்டியது அட்டையை. சிலந்திக்கு உணர்கொம்பு வரைந்த படத்தில் பத்து வரும். நாலு காலும் தெரிகிற பொம்மையே இதற்கு வசதி.

பெரிது, சிறிது சொல்லித்தரும்போதும் இதே கதை. பூனை பொம்மையைவிடச் சின்ன யானை பொம்மையைக் காட்டி எது பெரிது என்றால் "யானை" என்பார்கள். அது கண்ணால் கண்ட பதில் அல்ல, அறிந்த பதில். ஒரே விலங்கை மூன்று அளவில் வைத்தால் குழப்பம் இல்லை.

எழுத்துக்கு வந்தால், குறில் நெடிலுக்கு விலங்குகள் அருமையான ஜோடிகள்: புலி–பூனை, கிளி–கீரி, கொக்கு–கோழி. படம் வேறு, ஒலி நீளம் வேறு. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். பெயரை உடைத்துக் கைதட்டுவதில்தான் பலர் இடறுகிறார்கள். முயலுக்கு மு-யல் என்று இரண்டு தட்டு, எழுத்தோ மூன்று. வீட்டில் "முயலு" என்று பேசும் பிள்ளை மூன்று தட்டும், அதுவும் தப்பில்லை. குரங்குக்குத் தட்டு மூன்று, எழுத்து நான்கு. அதனால் ஆரம்பத்தில் மெய்யெழுத்து இல்லாத பெயர்களாக எடுப்பது நல்லது: யானை, ஆமை, கிளி, புலி, கோழி. தட்டும் எழுத்தும் இரண்டு இரண்டாக ஒத்துப்போகும். மெய் வரும் பெயர்களை அடுத்த சுற்றில் கொண்டுவரலாம்.

'ப'வுக்குப் பசு அட்டை வைப்பதற்கு முன் படத்தை மட்டும் காட்டி "இது என்ன?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "மாடு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியானால் அந்த அட்டை 'மா'வின் கட்டுக்குப் போகட்டும். 'ப'வுக்குப் பல்லி இருக்கிறது.