கேடி வேலை

2023 கோடையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் எனக்குக் கேடி வேலை கிடைத்தது. கோல்ஃப் ஆடுபவரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, காற்றையும் தரையையும் பார்த்து யோசனை சொல்கிற வேலை. போனில் சொன்னபோது, நான் விளக்கத்துக்கு வருமுன்பே அம்மா பதறிவிட்டார். "படிக்கப் போன இடத்துல என்னடா கேடி வேலை?" நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோவாகத் தொங்குகிறவர் என்றுதானே பொருள். எல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப மூட்டை தூக்குறே" என்றார். அதுவும் தப்பில்லை.

மூட்டை இரண்டு வாரத்தில் தோளுக்குப் பழகிவிட்டது. பழக நாளானது, அங்கே வருகிறவர்களின் பயம்.

ஓல்ட் கோர்ஸ் என்ற அந்த மைதானத்தில் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஆடுகிறார்கள். 1764-ல் இங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். குழி என்றால், முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய ஓட்டை வரைக்குமான முழு வழி. இன்று உலகம் முழுக்க ஒரு ஆட்டத்துக்கு 18 குழி என்று இருப்பது அதனால்தான். ஆனால் இத்தனை பெயர் பெற்ற இடம் ஒரு பொது மைதானம் என்பதை வருகிறவர்கள் சட்டென்று நம்புவதில்லை. முதல் குழியின் தொடக்கத்துக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் கிளப்பின் பெரிய கல் கட்டடம் நிற்கிறது. அதைப் பார்த்ததும், மைதானமே அந்த கிளப்புக்குச் சொந்தம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கிளப் வேறு, மைதானம் வேறு. நிலம் ஊருக்குச் சொந்தம். 1974-ல் பார்லிமென்ட் சட்டப்படி அமைந்த ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. 1552-லேயே பேராயர் ஹாமில்டன் ஒரு சாசனத்தில், ஊர் மக்கள் இங்கே ஆடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு அவர் இங்கே முயல் வளர்த்துக்கொள்ளலாம். நல்ல பேரம்.

பொது மைதானம் என்றாலும் நினைத்த நேரத்தில் போய் ஆடிவிட முடியாது. இரண்டு நாள் முன்னதாகவே குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், நான் இருந்தபோது அதற்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டியிருந்தது. தனியாக வந்தவர்கள் என்ன செய்வார்கள்? ராத்திரியே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். காலையில் இரண்டு, மூன்று பேராக ஆடும் குழுவில் இடம் இருந்தால் அவர்களோடு சேர்த்துவிடுவார்கள். 2024 மார்ச்சில் தனி ஆட்களுக்கும் குலுக்கல் வந்து, அந்த வரிசை முடிந்துபோனது. நான் இருந்த கோடைதான் அதற்குக் கடைசி. விடியற்காலையில் வேலைக்கு வரும்போது, போர்வை போர்த்தி மடக்கு நாற்காலிகளில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புதுப்பட ரிலீஸ் ஞாபகம்தான் வரும். டிக்கெட் விலை மட்டும் அப்போது 295 பவுண்டு.

அப்படி ராத்திரி ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஒருநாள் நான் பை தூக்கினேன். கனடாக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முதல் குழியும் பதினெட்டாவது குழியும் ஒரே புல்வெளியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அகலம் நூறு யார்டுக்கு மேல். மணல் குழி ஒன்றுகூடக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் புல்லில்தான் விழும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர் நின்று பார்க்கிறார்கள். அவருக்குப் பந்தைக் குச்சி மேல் வைக்கவே கை நடுங்கியது. இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது தடவை நின்றது. வீசினார். பந்தின் உச்சந்தலையில் பட்டு, உருண்டு, நாற்பது தப்படி தூரத்தில் போய் நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நான் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டாவது அடிக்கு நின்றபோதுதான் அந்தப் பெண்மணி வந்தார். புல்வெளிக்குக் குறுக்கே கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்று ஒரு பாதை போகிறது. ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போகவும் வரவும் அதுதான் வழி, கார்கூடப் போகும். யார் யாருக்காக நிற்பது என்பது அந்தந்த நேரத்துக் கண்ஜாடையைப் பொறுத்தது. இந்த அம்மாள் எந்த ஜாடையும் பார்க்கவில்லை. ஒரு கையில் மளிகைப் பை, இன்னொரு கையில் நாய். நாய் பாதி வழியில் நின்று எதையோ முகர்ந்தது, அவரும் நின்றார். கனடாக்காரர் என்னைப் பார்த்தார். "இவருக்கு இங்கே நடப்பது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டார். தினமும் பார்க்கிறவர்தான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தோள் ஓர் அங்குலம் இறங்கியது. அடுத்த அடி நேராகப் போனது.

அதற்குப் பிறகு, முதல் அடியில் சொதப்பியவர்களிடம் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் பாதையைக் காட்டி, யாராவது நடக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வேன்.

என் சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். இந்த மைதானத்தில் பெரும்பாலான கிரீன்கள் இரட்டை. ஒரே புல்தரையில் போகிற வழிக் குழி ஒன்று, திரும்புகிற வழிக் குழி ஒன்று. இரண்டின் எண்களையும் கூட்டினால் எப்போதும் 18 வரும். இரண்டோடு பதினாறு, ஐந்தோடு பதின்மூன்று. போகும்போது வெள்ளைக் கொடி, வரும்போது சிவப்பு. வேலைக்கு முதல் பாடமே இதுதான். டப்ளினிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு ஐந்தாவது குழியில் நான் தெளிவாக, தன்னம்பிக்கையோடு, சிவப்புக் கொடியைக் காட்டினேன். அன்று அவர் அடித்த அடிகளிலேயே அதுதான் சிறந்தது. பந்து கொடிக்கு மூன்று அடி தூரத்தில் போய் உட்கார்ந்தது. கிட்டே போகப் போகத்தான் எனக்கு நிறம் உறைத்தது. அவருடைய குழி அங்கிருந்து அறுபது தப்படிக்கு மேல்.

நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சொன்னேன். அவர் இரண்டு கொடிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். அத்தனை தூரத்துக்குப் பந்தைத் தரையோடு உருட்ட வேறு எந்த ஊரில் வாய்ப்புக் கிடைக்கும் என்பது அவர் கட்சி. நான்கு தடவை தட்டி முடித்தார். டிப்ஸில் குறைக்கவில்லை. ஆனால் மீதி பதின்மூன்று குழிகளிலும், நான் எதைக் காட்டினாலும், "என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்.

ஆட வருகிறவர்களைவிட ஆடாமல் வருகிறவர்கள் அதிகம். பதினெட்டாவது குழியில் ஸ்வில்கன் ஓடையின் மேல் சின்னக் கல் பாலம். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போகக் கட்டியது என்கிறார்கள். எண்ணினால் பத்து தப்படி இருக்காது. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்கலஸ் 2005-ல் கையசைத்து விடைபெற்றது அதன்மேல் நின்றுதான். அங்கே போட்டோ எடுக்காமல் போனவரை நான் பார்த்ததே இல்லை. 2023 பிப்ரவரியில் பாலத்தடியில் புல் தேய்கிறதென்று கல் பாவினார்கள். எதிர்ப்பு வந்த வேகத்தில் சில நாளிலேயே பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய போட்டிகள் நடந்தால் ஒழிய, யாருக்கும் ஆட்டம் கிடையாது. அன்று அது பூங்கா. தள்ளுவண்டியில் குழந்தைகள், நாய்கள், சாப்பாட்டுக் கூடைகள். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரில் தங்குவதாகத் திட்டம் போட்டு, பையோடு வந்து நிற்பவர்களின் முகம் பார்க்கச் சங்கடமாக இருக்கும். எனக்கும் அன்று வேலை இல்லை. அறைத் தோழனோடு சும்மா நடந்துகொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, முதல் புல்வெளியில் அந்தக் கனடாக்காரரைப் பார்த்தேன். கூட மனைவி. தொடக்கத்திலிருந்து தப்படி எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, "இங்கேதானே?" என்று என்னைக் கேட்டார். பாதையைப் பார்த்து அளந்தேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றேன். நகர்ந்து நின்றார். பிறகு அவரும் விலகிக்கொண்டார். அவர் மனைவி குனிந்து, வெறும் புல்லை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.