கச்சான் காலத்தில் கல்யாண வீட்டுச் சோடனை

திருகோணமலையில் வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசும் காலத்தில்தான் விழும். காலையில் கட்டின இலை பின்னேரம் பார்க்கச் சுருண்டு தொங்கும். ஆகவே உதவிக்கு எத்தனை சொந்தக்காரர் வந்து நின்றாலும், ஓலை வேலையை முதல் நாள் பொழுது சாய முன்னம் தொடங்க வேண்டாம். கடதாசி, துணி, சட்டம் எல்லாம் அந்த வாரத்திலேயே முடியட்டும்.

தோரணத்துக்குக் கணக்கு இப்படி. 20க்கு 10 அடிப் பந்தல் என்றால் சுற்றளவு 60 அடி. 9 அங்குலத்துக்கு ஒன்று கட்டினால் 80 தோரணம். மடிக்கும்போது கால்வாசி கிழியும், ஆகவே 107 ஓலையாவது வேண்டும். ஒரு குருத்தில் நுனி ஓலையும் அடி ஓலையும் கட்டை. நடுவில் உள்ளதுதான் உதவும். இரண்டு குருத்து எடுங்கள், ஆனால் ஒரே மரத்தில் இரண்டும் வேண்டாம். வெட்டின காயத்தின் மணத்துக்குச் செவ்வண்டு வரும். குருத்தை விரிக்காமலே ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். விரித்துவிட்டால் காற்றுப் பட்டு ஓலை முறுகும், மடிக்கும் இடத்தில் வெடிக்கும்.

தும்புக்கயிற்றில் 9 அங்குலத்துக்கு ஒரு கரிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் சின்னப் பிள்ளைகளும் ஒழுங்காகக் கட்டுவார்கள். கோடு இல்லாவிட்டால் தொடக்கத்தில் நெருக்கமாகவும் கடைசியில் ஐதாகவும் வரும். எத்தனை கைகள் மாறினாலும் ஒருவர் கட்டாயம் எல்லாத் தோரணத்தையும் பார்க்க வேண்டும்: மங்கலத் தோரணத்தில் ஓலையில் மடிக்கிற குருவி நான்கு, தலை மேல் நோக்கி. மூன்று குருவி தலைகீழாகத் தொங்கினால் அது செத்த வீட்டுத் தோரணம். பழகாத கை தெரியாமல் இதைச் செய்துவிடும், பார்க்கிற பெரியவர்கள் விடமாட்டார்கள்.

இடையில் கட்டும் மாவிலை முற்றின இலையாக இருக்கட்டும். தளிர் வடிவுதான், ஆனால் இரண்டு மணித்தியாலம் தாங்காது. இலையைக் காம்போடு மடித்து ஈர்க்குத் துண்டால் குத்துங்கள். ஸ்டேப்ளர் கம்பி இந்தக் கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கும்.

வாழைமரத்தில்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். வெட்டினவுடன் வாசலுக்குக் கொண்டுபோனால் பால் வடிந்து வருகிற ஆட்களின் வேட்டியில் விழும். அந்தக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வெட்டினபின் இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு மூலையில் சாத்தி வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலம், குழி தோண்டி நட்டால் மரம் நிற்காது. இரும்புக் குழாயை இரண்டரை அடி ஆழத்துக்கு இறக்கி, அதோடு மரத்தை மூன்று இடத்தில் கட்ட வேண்டும்; மேல் கட்டு குலைக்குச் சற்றுக் கீழே வரட்டும், பாரம் முழுக்க அங்கேதான். தண்டு வாட வாட மெலிந்து கட்டு இளகும், விடியப்புறம் ஒருக்கால் இறுக்கிவிடுங்கள். இலைகளை இரவு முழுக்கச் சேர்த்துக் கட்டி வைத்து, மாப்பிள்ளை வர முன்னம் அவிழ்த்தால் கிழியாமல் இருக்கும்.

மணவறைக்குப் பின்னால் 10 அடி அகலம், 8 அடி உயரச் சட்டம் போதும். பெரியம்மா, மாமி, அக்காமாரின் சேலைகள்தான் திரை. ஒரு சேலை சுமார் 18 அடி. குழாயின் மேலால் இரண்டாக மடித்துப் போட்டால் இரண்டு பக்கமும் 9 அடி தொங்கும். சுருக்கு வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு அடி மறைக்கும், ஆக ஐந்து சேலை. ஊக்குக் குத்தினால் பட்டு இழுபடும். உடுப்புக் கிளிப் போடுங்கள். ஓமம் வளர்க்கும் பக்கத்தில் நைலெக்ஸ் துணி வேண்டவே வேண்டாம், ஒரு பொறி பட்டால் உருகிப் பொத்தல் விழும்.

றெஜிபோமில் (தெர்மோகோல்) எழுத்து வெட்டுகிறவர்கள் நேரடியாக ஸ்பிரே பெயின்ற் அடிக்காதீர்கள், அது றெஜிபோமைத் தின்று குழி குழியாக்கும். முதலில் எமல்சன் ஒரு பூச்சு. ஒட்டுவதற்கு மரம் ஒட்டுகிற பசை. கடதாசிப் பூவை வெளியில் கட்டுவதானால் சிவப்பு மட்டும் தவிருங்கள். இரவுப் பனியில் சாயம் இறங்கி வெள்ளைத் துணியெல்லாம் கோடு கோடாகும்.

மூன்றாம் நாள் வாழைமரத்தைச் சாய்த்து, சீப்புகளை வெட்டி வேலை செய்த வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். முற்றாத குலை என்றால் கறிக்குத்தான் ஆகும்.