ஜாமீன் வக்கீலாகவே நின்றுவிடாமல் இருக்க

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "கிரிமினல் சைடு வரலாமாண்ணா, காசு பார்க்க முடியுமா?" பார்க்கலாம். ஜாமீன் மனுவிலேயே பார்க்கலாம், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கடலூர் கோர்ட்டில் என் செட்டில் வந்தவர்கள் பலர் இன்றைக்கும் ஜாமீன் போடுவதோடு சரி, ஒரு செஷன்ஸ் வழக்கை, அதாவது பெரிய குற்ற வழக்கை, கடைசிச் சாட்சி வரை நடத்தியதில்லை. எனக்கு அது எப்படி வாய்த்தது என்று எழுதுகிறேன்.

படித்தது காலாப்பட்டு அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. புதுச்சேரி மத்தியச் சிறையும் அதே காலாப்பட்டில்தான் என்பதால், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது "காலேஜா, ஜெயிலா" என்று கேலி பண்ணாத பேட்ச் கிடையாது. பட்டம் வாங்கியதும் சென்னைக்குப் போய் பார் கவுன்சிலில் பதிவு. எங்கள் காலத்தில் அதற்கே பல ஆயிரம் ஆனது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. அகில இந்திய பார் தேர்வுக்குப் பயப்பட வேண்டாம், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம்.

அப்புறம் மஞ்சக்குப்பத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். சம்பளம் என்று எதுவும் பேசவில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைப் பையில் எதையாவது திணிப்பார், அதுதான். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சொன்னது. சேரும் அன்றைக்கே இதைக் கேளுங்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் கேட்டால் சீனியர் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும். வக்காலத்து எழுதுவது, காப்பி அப்ளிகேஷன் போடுவது, எந்த பெஞ்ச் கிளார்க்கிடம் எத்தனை மணிக்குப் போய் நிற்பது, இதெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது குமாஸ்தா அண்ணன். அவர் இல்லாவிட்டால் ஒரு வாய்தாகூட ஒழுங்காக வாங்கியிருக்க மாட்டேன்.

ஜாமீனுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. புதுச்சேரி எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே சரக்கு விலை குறைவு, ஆல்பேட்டை செக்போஸ்டில் வாரம் தவறாமல் யாராவது மாட்டுவார்கள். வீட்டு ஆட்கள் வந்து கேட்பது "எப்ப சார் வெளிய வருவான்?" மட்டும்தான், வழக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. மனு போட்டு, ஆர்டர் வாங்கி, இரண்டு ஜாமீன்தாரரை வீட்டு வரி ரசீதும் ஆதாருமாகக் கொண்டுவந்து நிறுத்தி, ரிலீஸ் ஆர்டரை சாயங்காலம் லாக்கப் நேரத்துக்குள் கேப்பர் மலை ஜெயிலுக்குச் சேர்த்தால் பீஸ் கைக்கு வந்துவிடும், ஆள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான், தாமதமானால் மறுநாள்தான். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ரிமாண்ட் ஆன, அதாவது மாஜிஸ்ட்ரேட் காவலுக்கு அனுப்பிய, நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நாள் முடிந்த காலையிலேயே மனுவோடு நிற்க வேண்டும், நாம் மனு போடும் முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. இதற்கென்றே எங்கள் ஆபீசில் தனியாக ஒரு காலண்டர் தொங்கும்.

இந்த ஓட்டம் பழகிவிட்டால் விசாரணை கசக்கும். வருஷக் கணக்காக இழுக்கும், சாட்சி வராத நாளில் எல்லாரும் சும்மா திரும்புவார்கள், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) பாதியில் பீஸ் கொடுப்பதை நிறுத்திவிடுவார். நான் தப்பித்தது சீனியர் கொடுத்த ஒரு வேலையால். ஒவ்வொரு கேஸ் கட்டிலிருந்தும் நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்வார். சம்பவம் எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போனது எப்போது, எஃப்.ஐ.ஆர். பதிவு எப்போது, அது மாஜிஸ்ட்ரேட் கைக்குப் போனது எப்போது. கடைசி நேரம் எஃப்.ஐ.ஆர். முதல் பக்கத்தில் மாஜிஸ்ட்ரேட் சுருக்கொப்பத்தோடு பேனாவால் எழுதப்பட்டிருக்கும், ஜூனியர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் கோர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகியிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்க நமக்கு வழி கிடைக்கிறது. ஒப்புதல் வாக்குமூலங்களையும் வரிசையாக வைத்துப் படிக்கச் சொல்வார். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாவற்றிலும் சாட்சிக் கையெழுத்து வி.ஏ.ஓ.வும் தலையாரியும்.

நான் முழுசாக நடத்திய முதல் வழக்கு ஒரு அடிதடி. புகாரில் ஐந்து பேர் பெயர், அதில் என் கட்சிக்காரர் கத்தியால் வெட்டினார் என்று இருந்தது. ஆனால் சம்பவம் நடந்த ராத்திரியே ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எழுதிய ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்), அடையாளம் தெரியாத 3 பேர் கையால் தாக்கியதாக இரண்டே வரி. எனக்குக் கை பரபரத்தது, காயம்பட்டவரைக் கூண்டில் வைத்தே கிழித்துவிடலாம் என்று இருந்தேன். சீனியர் விடவில்லை. "அவனைக் கேட்டா, மயக்கத்துல சொன்னேன்னு ஒரு காரணத்தை அவனுக்கு நீயே எடுத்துக் கொடுத்துடுவ. டாக்டர் வரட்டும்" என்றார்.

டாக்டர் வந்தார். வந்தபோது காயம்பட்டவர் நினைவோடு இருந்தாரா? இருந்தார். எப்படிக் காயம் பட்டது என்று சொன்னது யார்? அவரேதான். அவர் சொன்னதைத்தான் எழுதினீர்களா? ஆமாம். நாலாவது கேள்வி நாக்கு நுனியில் இருந்தது, பின்னாலிருந்து சீனியர் என் கவுனைப் பிடித்து இழுத்தார், உட்கார்ந்துவிட்டேன்.

சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை ஆனது. இப்போது சேருபவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல்: 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி., அன்று முதல் நடந்ததற்கு அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்., ஆகவே பையில் இரண்டு புத்தகமும் வேண்டும், பிரிவு எண்களை இரண்டு விதமாகவும் மனப்பாடம் பண்ண வேண்டும்.

தீர்ப்பு அன்றைக்கு என் கட்சிக்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பீஸ் பாக்கியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "டாக்டர்கிட்ட மூணு கேள்விதானே சார் கேட்டீங்க" என்றார். பாதியைக் கொடுத்தார். மீதி இன்னும் வரவில்லை, ஆனால் அவர் அனுப்பி வைத்த கேஸ்கள் வந்துகொண்டிருக்கின்றன, எல்லாமே ஜாமீன்.