பழைய வீட்டில் முதலில் ஈரத்தைப் பாருங்கள்

பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெயிண்ட், டைல்ஸ், சமையலறை என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஈரம். கூரை ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா, தரையிலிருந்து சுவரில் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்காமல் மேலே என்ன பூசினாலும் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் சுவர். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, செங்கல்லையும், சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்திரத்தின் முனையையும் கெடுக்கும். பலமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த வேலையே சுவரை அரிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள்.

மயிரிழை விரிசல் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, 5 மி.மீ.க்கு மேல் விரிந்து, இன்னும் வளர்கிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, கணக்கு. இந்தத் தொழிலில் 70% விதி என்று ஒன்று உண்டு: சரிசெய்தபின் 100 ரூபாய்க்கு விற்கும் வீடு, சரிசெய்யும் செலவு 20 என்றால், அந்த 100-இல் 70% ஆன 70-இல் 20 போக 50-க்கு மேல் கொடுத்து வாங்கக் கூடாது. மீதி 30 முழுக்க லாபம் இல்லை, வட்டி, வரி, தரகு, விற்காமல் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதற்குள்தான். அப்புறம், செலவு மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20% தனியாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் சுவரை உடைத்த பிறகுதான் பழைய வயரிங்கின் நிலை தெரியும்.