பிச்சாவரத்துச் சேறு

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர். வயல்கள் முடிந்து உப்பங்கழி தொடங்கும் இடம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் 1,100 ஹெக்டேர் அளவுக்கு அலையாத்திக் காடு. வருகிறவர்களில் பலர் மோட்டார் படகில் ஒரு சுற்று போய்ப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் துடுப்புப் படகு கேட்டேன், அதுவும் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது மரம் இல்லை, அதன் காலடியில் இருக்கும் சேறு.

முதுமலையில் யார் எதைத் தின்கிறார்கள் என்பது எளிதாகப் புரியும். புல்லை மான் மேய்கிறது, மானைப் புலி அடிக்கிறது. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கரையோரத்தில் ஆடு மாடு கொஞ்சம் கடிக்கும், பூச்சிகள் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். படகோட்டி அண்ணன் ஒரு வெண்கண்டல் கிளையை வளைத்துக் காட்டினார். இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் நன்றாகவே கரிக்கிறது. வேர் வழியே ஏறிவிட்ட உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை இலையோ ஒரே துவர்ப்பு. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சிதம்பரம் கோயிலின் தல விருட்சம் இந்தத் தில்லைதான்.

அப்படியென்றால் இந்தக் கழியில் இருக்கும் இத்தனை இறாலும் நண்டும் மடவையும் எதைத் தின்று வளர்கின்றன?

உதிர்ந்த இலையை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எரிக் ஹீல்டு, வில்லியம் ஓடம் என்ற இருவர் 1960களின் கடைசியில் இதைத்தான் பொறுமையாக ஆராய்ந்தார்கள். அங்கே மரத்தில் பச்சையாக இருக்கும்போதே தின்னப்பட்ட இலை சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் மஞ்சளாகித் தண்ணீரில் விழுகிறது. விழுந்த இலையில் சத்து அதிகம் இல்லை, ஏனென்றால் உதிர்வதற்கு முன்பே மரம் நைட்ரஜனில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் இலையில் குடியேறுகின்றன. நண்டுகள் கிழித்து வளைக்குள் இழுத்துப் போகின்றன. இலை துணுக்காகத் துணுக்காக, அதன் மேல் வளரும் நுண்ணுயிர்களால் அது இன்னும் சத்தான தீனியாகிறது. பழைய சோறு இரவெல்லாம் ஊறிப் பக்குவப்படுவதைப் போல. இறால் குஞ்சு அந்தத் துணுக்கோடு சேர்த்து நுண்ணுயிரையும் விழுங்குகிறது.

இலை மட்டும்தான் உணவு என்று சொன்னால் அது பாதிக் கதை. சேற்றின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் படர்ந்திருக்கின்றன. வெயில் பட்டதும் அவையும் உணவு தயாரிக்கின்றன. இறாலும் சிறு மீன்களும் இவற்றையும் நன்றாகவே தின்கின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

தண்ணீர் இறங்க இறங்கக் கரை வெளியே வந்தது. சுண்டு விரல் நகம் அளவு நண்டுகள், நூற்றுக்கணக்கில். ஆணுக்கு ஒரு கை மட்டும் பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாயில் வைக்கிறது, பாசியையும் துணுக்கையும் அரித்துக்கொண்டு மிச்சத்தைக் கடுகு போல உருட்டிக் கீழே வைக்கிறது. பெண்ணுக்கு இரண்டு கையும் சிறியவை, அதனால் இரண்டு கையாலும் மாறி மாறி எடுக்கிறது. நான் ஒரே நண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் வளையைச் சுற்றி உருண்டைகள் வரிசை வரிசையாக நிறைந்துவிட்டன.

துடுப்பு அடியில் குத்தியதும் கறுப்புச் சேறு கிளம்பி அழுகிய முட்டை வாடை அடித்தது. பக்கத்துப் படகில் மூக்கைப் பொத்திக்கொண்டு "சாக்கடை" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அது சாக்கடை வாடை இல்லை. சேற்றில் சில மில்லிமீட்டர் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே சில பாக்டீரியாக்கள் கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டை வைத்து ஆற்றல் எடுக்கின்றன, அதில் வெளியாகும் வாயுதான் அந்த வாடை. மரத்தின் வேருக்கோ காற்று இல்லாமல் முடியாது. அதனால்தான் வெண்கண்டல் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை நீட்டி வைத்திருக்கிறது.

வற்றிய வாய்க்காலில் இருளர் பெண்கள் சிலர் தண்ணீருக்குள் குனிந்து கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரல் பட்டதும் அமுக்கிப் பறியில் போடுகிறார்கள். "இப்ப கெடைக்குதாக்கா?" என்று அண்ணன் கேட்க, "தண்ணி நல்லா ஏறி எறங்குனா கெடைக்கும்யா" என்றார் ஒருவர்.

விஷயமே அதுதான். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரேற்றத்தோடு உள்ளே வந்து, இங்கே தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. தண்ணீர் ஓட்டம் நின்றால் எல்லாம் நிற்கும். இந்தக் காட்டிலேயே அது நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலம் தொட்டு மரங்களைப் பட்டை பட்டையாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளமானது. அதில் தேங்கிய கடல்நீர் வற்றி வற்றி உப்பு ஏறியது, கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்ட பிறகுதான் அந்தப் பள்ளங்களில் மரம் திரும்பியது. 2004 சுனாமியில் இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பியதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இந்தக் காடு சேர்ந்தது. ஆனால் வாய்க்கால் முனையில் மூச்சு வேர்களைப் போர்த்திக் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் பார்த்தேன். வேரின் மூச்சையும் சேற்றுப் பாசியின் வெயிலையும் ஒரே பை மறைத்துவிடுகிறது. எங்கள் கைக்கு எட்டியதைப் படகில் அள்ளிப் போட்டோம், எட்டாதது நிறைய.

நீங்கள் போவதாக இருந்தால், நீர் வற்றும் நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். துடுப்புப் படகாகப் பாருங்கள், மோட்டார் சத்தத்துக்கு நண்டுகள் வளைக்குள் போய்விடும். தின்பண்டப் பொட்டலம் எதுவும் படகில் வேண்டாம்.