இரண்டு கமராவும் கச்சானும்

2024 ஜூன் 2, ஞாயிறு

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஜூலை முதல் கிழமை வருகிறாள். நேற்று இரவு போன். "கமரா கமரா எண்டியே, எதெண்டு இருபத்திரண்டாம் திகதிக்குள்ள சொல்லு. பிந்தினா சொக்லேட்தான் வரும்." இரண்டு வருடமாகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. சொக்லேட்டாகக் கரைய விட முடியாது.

லென்ஸ் மாற்றும் கமரா எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற ஆளுக்கு ஒரே லென்ஸ் போதும். ஆனால் அது தூரம் பார்க்க வேண்டும். எங்கள் திருகோணமலையில் எனக்குப் பிடித்ததெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இரவெல்லாம் படித்ததில் இரண்டு மிஞ்சின. 2018இல் வந்த கெனான் எஸ்எக்ஸ்70: 65 மடங்கு சூம், 21இலிருந்து 1365 மி.மீ., 20 மெகாபிக்சல், 610 கிராம். 2020இல் வந்த நிக்கோன் பி950: 83 மடங்கு, 24இலிருந்து 2000 மி.மீ., 16 மெகாபிக்சல், ஒரு கிலோவும் சொச்சமும். வெளியானபோது முதலாவது 550 அமெரிக்க டொலர், இரண்டாவது 800. 3000 மி.மீ. போகிற பி1000உம் இருக்கிறது. ஆனால் 1415 கிராம். அதை ஒருவர் தூக்க, இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். சோனி ஆர்எக்ஸ்10 நான்காவதில் படம் பதிகிற சென்சரின் பரப்பு இவற்றைப் போல நாலு மடங்கு. ஆனால் சூம் 600 மி.மீ.இல் நின்றுவிடும், விலையோ என் சீட்டைப் போல இரண்டு மடங்கு. தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

மழை இல்லை, கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் கணக்குப் போட்டேன்.

2000, 1365 என்பதெல்லாம் பழைய 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்கள். லென்ஸின் மேலேயே உண்மையான குவியத்தூரம் மி.மீ.இல் எழுதியிருக்கும். பி950இல் 4.3–357, எஸ்எக்ஸ்70இல் 3.8–247. முழுச் சூமில் இரண்டுக்குமே எஃப் எண் 6.5, அதாவது குவியத்தூரம் லென்ஸ் துவாரத்தைப் போல ஆறரை மடங்கு. 357ஐ 6.5ஆல் பிரித்தால் 55 மி.மீ.; 247ஐப் பிரித்தால் 38. வெளிச்சம் உள்ளே போகிற வட்டத்தின் அகலம் அது. எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை அந்த அகலம்தான் தீர்மானிக்கிறது. மெகாபிக்சலைப் பார்த்து மயங்கியது வீண். பி950 ஏன் பாரம் என்பதும் விளங்கிவிட்டது, கண்ணாடி பெரிது.

இன்னொன்று. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் பி950 பிடிக்கும் காட்சியின் அகலம் சுமார் 17 மீற்றர், எஸ்எக்ஸ்70க்கு 25. அதையே 17க்கு வெட்டினால் 9 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சடிக்க அது காணும். அப்படியென்றால் நானூறு கிராமை எதற்குச் சுமக்க வேண்டும்? இன்றைக்கு எஸ்எக்ஸ்70 முன்னால் நிற்கிறது.

ஜூன் 8, சனி

எங்கள் விஞ்ஞான ரீச்சரிடம் எஸ்எக்ஸ்70 இருப்பது நேற்றுத்தான் தெரிய வந்தது. மூன்று வருடமாக ஒரே ஓய்வறையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம்! இரவல் வாங்கிக்கொண்டு காலையில் கோணேஸ்வரம் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குப் போனேன்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள். அவற்றுக்குச் சூம் தேவையில்லை. ஒன்று கோயிலுக்குக் கொண்டுபோன வாழைப்பழத்தை மணந்துகொண்டே வந்து லென்ஸ் விளிம்பை நக்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். (ரீச்சரிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.)

மேலே கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து காய்ந்து வந்து அடிக்கிற காற்று. கடலைப் படுக்க வைத்துவிடும், ஆளை நிற்க விடாது. குன்றின் விளிம்பில் கடற்கழுகு ஒன்று சிறகை அசைக்காமல் எனக்குக் கீழே மிதந்தது. பறவையின் முதுகைப் பார்க்கக் கிடைப்பது இந்த இடத்தில்தான். முழுச் சூமில் அதைத் தேடினால் வெறும் நீலம்தான். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் சூம் பின்வாங்கி, நடுவில் ஒரு சதுரம் தெரியும். பறவையைச் சதுரத்துக்குள் கொண்டுவந்து விட்டால் பழையபடி கிட்டப் போகும். நாலாவது தடவையில் அகப்பட்டது. வெள்ளைத் தலையும் சாம்பல் சிறகும் தெளிவு. கண் மட்டும் கறுப்புப் புள்ளி.

எட்டரைக்குப் பிறகு கிழக்கே தூரத்தில் ஒரு வெள்ளைப் புகை எழுந்து கலைந்தது. திமிங்கலம்தான். பக்கத்தில் நின்ற ஐயா "மூச்சு விடுது பிள்ளை" என்றார். ஏழு படம் எடுத்தேன், ஏழும் தண்ணீருக்குள் கரைந்த சுண்ணாம்பு மாதிரி. என் கை நடுக்கமா, காற்றா, வெயிலில் அலையும் ஆவியா, தெரியவில்லை.

கமரா கழுத்தில் கிடப்பதே தெரியவில்லை. திரும்பி இறங்கும்போது அர்ச்சனைத் தட்டு, செருப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கையில் இருந்தன. அந்த நேரம் 610 கிராம் என்பது பெரிய வரம்.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றுமில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள்.

ஜூன் 15, சனி

டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி என்னிடம் படித்தவன். பி950 வைத்திருக்கிறான், கலியாண வீட்டுக்கு இல்லை, பறவைக்கு. நாளை மத்தியானம் வரைக்கும் தந்தான். தரும்போது ஒரே ஒரு நிபந்தனை: "ரீச்சர், இதை நேவிப் பக்கம் மட்டும் திருப்பாதேங்கோ. போன் எண்டா ஒருத்தரும் பாக்கமாட்டினம். இவ்வளவு நீளக் குழாயோட நிண்டா கூப்பிட்டு விசாரிப்பினம்." உண்மைதான். கடற்படைத் தளம் உள்ள ஊரில் 2000 மி.மீ. லென்ஸை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதும் ஒரு கேள்வி. விமர்சனம் எழுதும் வெளிநாட்டுக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை.

இரவு மொட்டை மாடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நிலவைப் பார்த்தேன். அரைநிலவு தாண்டி ஒரு நாள். முழுநிலவை விட இதுதான் நல்லது. வெயில் சாய்வாக விழுவதால் குழிகளுக்கு நிழல் இருக்கும். எஸ்எக்ஸ்70இல் நிலவு சட்டத்தின் பாதி உயரம், பி950இல் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் ஒரே அமைப்பு: ஐஎஸ்ஓ 100, 1/125 விநாடி. போன் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கணினியில் போட்டுப் பெருப்பித்தேன். தெற்கே, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டுக்குக் கிட்ட, 85 கி.மீ. குறுக்களவுள்ள டைக்கோ குழி. எஸ்எக்ஸ்70இல் அது ஒரு கறுத்த பள்ளம், பள்ளத்துக்கு விளிம்பு. பி950இல் விளிம்பின் உட்சுவர் படிபடியாக இறங்குகிறது. 55க்கும் 38க்கும் வித்தியாசம் என்று மெழுகுதிரியில் எழுதியது இதைத்தான்.

ஆனால் ஒன்று. கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பி950ஐத் தூக்கியபோது, மூன்றாம் படத்தில் மணிக்கட்டு நடுங்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் தலையணையை மதிலில் வைத்து, அதன் மேல் கமராவை வைத்து, திருப்பும் திரையை மடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்கு அப்பா மேல்மாடிக் கதிரையில் இருந்தார். முழங்கால் போனதிலிருந்து கடற்கரைக்கு இறங்குவதில்லை. திருக்கடலூரில் பிறந்து நாற்பது வருடம் வள்ளத்தில் போன ஆள், இப்போது மாடியிலிருந்தே கடலைப் பார்க்கிறார்.

கமராவைத் தலையணையோடு கைபிடிச் சுவரில் வைத்து, "அப்பா, இதுக்குள்ள பாருங்கோ" என்றேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "துவக்கு மாதிரிப் பாரம்" என்றார். கற்றராக்ட் ஒப்பரேசன் செய்த கண். கண்வைக்கும் துவாரத்துக்குப் பக்கத்துச் சில்லைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீலத்தில மஞ்சள் கோடு. கோடு புதுசு. போன கிழமைதான் பெயின்ற் அடிச்சிருக்கிறான்" என்றார். பிறகு, "வலை பாதிதான் ஏத்தியிருக்கு. ராத்திரி படேல்ல." என் வெறுங்கண்ணுக்கு அந்த வள்ளம் ஒரு கீறல். சூமை முழுக்க இழுத்து நானும் பார்த்தேன். அணியத்தில், வள்ளத்தின் முன்பக்கம், நின்றவன் சாரத்தை மடித்துக் கட்டுவது தெரிந்தது. எஸ்எக்ஸ்70ஐக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இதிலயும் தெரியுது, ஆனா முகம் தெரியேல்ல" என்று மற்றதைக் கை நீட்டிக் கேட்டார். ஏழு மணி வரைக்கும் விடவில்லை. அதற்குள் பற்றறிக் கோடு ஒன்று குறைந்துவிட்டது.

பிறகு இரண்டையும் கொண்டு நிலாவெளிக்கு. கரையிலிருந்து புறாத்தீவு சுமார் ஒரு கிலோமீற்றர், என் கணக்கைச் சோதிக்க ஏற்ற தூரம். ஆனால் போய்ச் சேர எட்டரை. மணலும் கடலும் சூடேறி, நடுவில் காற்று கொதித்தது. பாறையின் விளிம்பு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. இரண்டு கமராவிலும் ஒரே நெளிவு. 2000இல் கொஞ்சம் பெரிய நெளிவு, அவ்வளவுதான். சுவாமி மலையில் என் ஏழு படமும் ஏன் கரைந்தன என்று இப்போது விளங்கியது. கை குற்றவாளி இல்லை.

ஆக, கச்சான் நாளில் எட்டு மணிக்குப் பிறகு பெரிய சூமுக்கு இங்கே வேலை இல்லை. அது வேலை செய்கிற நேரம் விடியற்காலை ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் நான் சமையலறையில் புட்டு அவிக்கிறேன். மாடியில் இருப்பவர் வேறு ஆள்.

ஜூன் 21, வெள்ளி, போயா

மச்சாளுக்குச் செய்தி அனுப்பினேன்: பி950. கூடவே ஒரு பற்றறியும். ஒரு தடவை நிரப்பினால் 290 படம் என்றுதான் கணக்கு, அப்பா கையில் கொடுத்தால் காலைச் சாப்பாட்டுக்கே முடிந்துவிடும். "எஸ்எக்ஸ்70 எண்டுதானே சொன்னனீ?" என்று கேட்டாள். விளக்கம் சொல்ல நேரமில்லை. எனக்கு வேண்டியது எஸ்எக்ஸ்70தான், அதில் இப்போதும் மாற்றமில்லை. கோயிலுக்குப் போகும்போது ரீச்சரிடம் திரும்பவும் இரவல் கேட்கலாம். மான் கதையை அவர் படிக்காமல் இருந்தால்.

ஜூன் 22, சனி

தலையணை வழுக்குகிறது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரு முனையும் தைத்து, உள்ளே பச்சைப்பயறு நிரப்பினேன். லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் இருக்கும். இரண்டு கிலோ பிடித்தது. அம்மா பின்னேரம் பயற்றம் பணியாரத்துக்குப் போத்தலைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.