பொடி விற்ற பணமும் வருமான வரிப் படிவமும்

சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்களே, மாலை நேரத்தில் இட்லிப்பொடி விற்று வரும் சில்லறைப் பணத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. காட்டத்தான் வேண்டும், அது வணிக வருமானம் என்பதால், சம்பளக்காரர்கள் வழக்கமாக நிரப்பும் ஐடிஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது.

2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்ட விடுவதால், என்னைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குப் பெரிய வசதி. ஆண்டு விற்பனை 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் யுபிஐ வழியாக வங்கிக் கணக்குக்கு வந்த 2,50,000 ரூபாய்க்கு 6 சதவீதமும், கையில் ரொக்கமாக வாங்கிய 50,000 ரூபாய்க்கு 8 சதவீதமும் கணக்கிட்டால், உத்தேச லாபம் 19,000 ரூபாய். உளுந்தும் மிளகாயும் வாங்கிய ரசீதுகளைக் காட்டி இதிலிருந்து மேலும் கழிக்க முடியாது. உண்மையான லாபம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தத் தொகையைத்தான் காட்ட வேண்டும் என்பதைப் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சேமிப்பு, கடன் வட்டி போன்றவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரி முறையை விரும்புவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் மட்டும் பெறுபவர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வணிக வருமானம் சேர்ந்துவிட்டால் 10-ஐஇஏ படிவம் கொடுத்துத்தான் பழைய முறைக்குப் போக முடியும், புதியதற்குத் திரும்பும் வாய்ப்பும் ஒரே முறைதான். ஆகவே வீட்டுக் கடன் வட்டியையும் 80சி பிரிவில் கழிவு கிடைக்கும் சேமிப்பையும் இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அந்தப் படிவத்தைத் தொடுவது நல்லது.